பெற்றவர்களைத் தேடுவது: எந்த வழி, எந்த வரிசை?

தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஒருவர் பெற்றவர்களைத் தேடலாம் என்று முடிவெடுத்ததும், எந்த வழியில் தேடுவது என்ற கேள்வி வந்து நிற்கும். பழைய ஆவணங்களா, டிஎன்ஏ பரிசோதனையா, ஃபேஸ்புக்கா, ஆள் வைத்துத் தேடுவதா? பெரும்பாலானவர்கள் இவற்றை வேகத்தையும் செலவையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் வேறொரு கேள்வியை வைத்துப் பிரிப்பேன்: இந்த வழியில் போனால், நீங்கள் தேடுகிறீர்கள் என்ற செய்தி முதலில் யார் காதுக்குப் போகும்?

பிள்ளையைக் கொடுத்த பல பெண்கள் அதைப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. பின்னால் வந்த கணவருக்குத் தெரியாது, அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியாது, சில குடும்பங்களில் அவருடைய அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும், அவரும் போய்ச் சேர்ந்திருப்பார். நீங்கள் பிறந்தது அவருடைய ரகசியம் மட்டுமல்ல, உங்கள் வாழ்க்கையும்தான். அதனால் காலமெல்லாம் ஒளிந்திருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் அந்தச் செய்தியைத் தன் மகள் வாயிலிருந்தோ நாத்தனார் வாயிலிருந்தோ கேட்க நேரும் ஒரு பெண் முதலில் செய்யக்கூடியது "அப்படி எதுவும் இல்லை" என்பதுதான். எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால், அதிலிருந்து இறங்கி வருவது அவருக்கே பெரும்பாடு.

வழிகளுக்குள் போவதற்கு முன்னால் இன்னொன்று. உங்களுக்கு என்ன வேண்டும்? குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய், மார்பகப் புற்றுநோய், இதய நோய் இருந்ததா என்று தெரிந்தால் போதும் என்பவரும், ஒருமுறை முகத்தைப் பார்த்தால் போதும் என்பவரும், உறவாகவே பழக வேண்டும் என்பவரும் ஒரே தேடலில் இறங்க வேண்டியதில்லை. பல நாடுகளில் தத்து நிறுவனங்கள் பெயர், முகவரி இல்லாத தகவல்களைத் தனியாகத் தருகின்றன: பெற்ற தாயின் வயது, அன்றைய உடல்நலம், ஏன் கொடுத்தார் என்பது போன்றவை. முதல் வகையினருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

சரி, ஆவணங்கள். இவ்வளவு வழிகளில் அதிகச் சத்தமில்லாதது இதுதான். நீங்கள் தேடுவது ஒரு அலுவலகத்துக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு எப்போது தெரிய வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும். ஆனால் எந்த நாட்டில் தத்து நடந்தது என்பதைப் பொறுத்துக் கதவு திறக்கும் அல்லது திறக்காது. ஸ்காட்லாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டமே வயது வந்த தத்துப்பிள்ளை தன் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்றது. பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அந்த உரிமை வர 1975ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. நியூசிலாந்தில் 1985இல் வந்தது, 20 வயது ஆகியிருக்க வேண்டும். அயர்லாந்தில் 2022இல்தான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு கதை: அலாஸ்காவும் கான்சஸும் இந்தப் பதிவுகளை வயது வந்தவர்களுக்கு ஒருபோதும் மூடியதில்லை, நியூயார்க் 2020 ஜனவரியில்தான் திறந்தது. பிரான்ஸில் தாய் தன் பெயரைச் சொல்லாமலேயே பிரசவிக்கச் சட்டம் இடம் தருகிறது; அங்கே 2002இல் உருவான ஓர் அரசு அமைப்பு, பிள்ளை கேட்டால் தாயைக் கண்டுபிடித்து, ரகசியத்தை விலக்கச் சம்மதமா என்று கேட்கிறது. அவர் வேண்டாம் என்றால் அவ்வளவுதான்.

இந்தியாவில் தத்து நடந்திருந்தால் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் பொருந்தும். 18 வயது ஆனவர் தானே விண்ணப்பிக்கலாம், அதற்குக் கீழே என்றால் வளர்த்தவர்களோடு சேர்ந்து. கொடுத்தபோது பெற்றவர்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவர்கள் சம்மதத்தை நிறுவனமோ குழந்தைகள் நலக் குழுவோ கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தாலும், ஆள் கிடைக்காமல் போனாலும், எந்தச் சூழ்நிலையில் கொடுத்தார்கள் என்பதையாவது உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பலர் இந்தக் கடைசி வரி இருப்பதே தெரியாமல், "மறுத்துவிட்டார்கள்" என்ற ஒரு வார்த்தையோடு திரும்பிவிடுகிறார்கள். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

நாடு விட்டு நாடு தத்து போனவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு. 1993ஆம் ஆண்டு ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, பிள்ளையின் பூர்வீகம், பெற்றவர்களின் அடையாளம், மருத்துவ விவரங்கள் ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று கையெழுத்திட்ட நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அதைப் பார்க்க விடுவது மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்தின்படி. ஆகவே "எங்களிடம் எதுவும் இல்லை" என்ற பதிலும் "காட்ட முடியாது" என்ற பதிலும் ஒன்றல்ல. எது என்று நேராகக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சட்டம் மாறினால் இரண்டாவது பதில் மாறும், முதலாவது மாறாது.

ஆவணங்களின் பெரிய பலவீனம், அவை பொய் சொல்லும் என்பது. தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகளில், பெற்றோர் இருந்த குழந்தைகளை அனாதை என்று பதிந்தது, ஒரு குழந்தையின் அடையாளத்தில் இன்னொரு குழந்தையை அனுப்பியது எல்லாம் வெளிவந்தன. அதுபோன்ற கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முகவரியில் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம், பொய்யே இல்லாத கோப்பிலும் தந்தையின் பெயர் இருக்கும் இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

பதிவேடு என்று ஒன்று உண்டு. தேடுகிறவரும் தேடப்படுகிறவரும் தனித்தனியாகப் பெயர் கொடுத்தால், இரண்டும் பொருந்தும்போது இருவருக்கும் தகவல் சொல்வார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் 1975இல் தொடங்கிய சர்வதேசப் பதிவேடும், இங்கிலாந்து வேல்ஸுக்கு 1991இல் வந்த அரசுப் பதிவேடும் இந்த வகை. யார் மனமும் நோகாத வழி, ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அப்படியொரு பதிவேடு இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அவர் உயிரோடும் இருக்க வேண்டும். பெயரைக் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள், இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

டிஎன்ஏதான் இன்று எல்லோரும் முதலில் நினைப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எச்சில் மாதிரியை அனுப்பினால், அதே நிறுவனத்தில் ஏற்கெனவே பரிசோதித்தவர்களில் யாரோடு உங்களுக்கு எவ்வளவு மரபணுப் பொருத்தம் என்று பட்டியல் வரும். அளவு சென்டிமார்கனில் இருக்கும், அதாவது இருவருக்கும் எவ்வளவு டிஎன்ஏ பொது என்பதைச் சொல்லும் அலகு. பெற்றவர் என்றால் சுமார் 3,400க்கு மேல், அதில் குழப்பமே கிடையாது. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் என்றால் சராசரியாக 850ஐ ஒட்டி வரும். அதற்கு அடுத்தபடி, உங்களைப் பெற்றவருடைய சித்தப்பா, மாமா போன்றவர்களின் பேரப்பிள்ளைகள் என்றால் 230 வாக்கில். அதற்கும் அடுத்தபடியில் பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே தெரியாது, உறவு உண்மையாக இருந்தாலும். நடுவில்தான் சிக்கல்: தாத்தா பாட்டி, தாய் தந்தையரின் உடன்பிறந்தவர்கள், ஒரு பெற்றவரை மட்டும் பகிரும் அண்ணன் தம்பி அக்கா தங்கை, இவர்கள் எல்லோருமே சுமார் 25 சதவீதத்தில், ஏறக்குறைய 1,300க்கும் 2,300க்கும் இடையில் வருவார்கள். எண் மட்டும் பார்த்து இவர் என் அக்கா என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வயதைப் பாருங்கள், அவருக்கும் உங்களுக்கும் பொதுவாக வேறு யாரெல்லாம் பொருந்துகிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு கண்ணி, பல தலைமுறைகளாகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் சமூகங்களில் எண்கள் ஊதிப்போயிருக்கும். ஒரே ஆளோடு இரண்டு மூன்று வழியில் உறவு இருப்பதால் தூரத்து உறவும் நெருங்கிய உறவு மாதிரி தெரியும். அங்கே மேலே சொன்ன சராசரிகளை அப்படியே நம்ப முடியாது.

எங்கே பரிசோதிப்பது? இந்தப் பரிசோதனை செய்யும் நிறுவனங்களில் பெரியதான ஆன்செஸ்ட்ரியில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், அந்த நிறுவனம் வெளியில் செய்த பரிசோதனையின் தரவை ஏற்காது. அதனால் பெரியதில் முதலில் செய்துவிட்டு, மூலத் தரவை இறக்கி, வெவ்வேறு நிறுவனங்களில் பரிசோதித்தவர்களை ஒப்பிட்டுக் காட்டும் ஜெட்மேட்ச் போன்ற இணையதளங்களில் ஏற்றுவது நல்ல வரிசை. இந்த வழி ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறது. ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்தவர்களுக்குப் பட்டியல் முழுக்கத் தூரத்து உறவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவர்களுடைய சொந்தங்கள் பரிசோதித்திருக்க மாட்டார்கள். பிரான்ஸில் இப்படி ஆசைக்காக வீட்டிலிருந்தே மரபணுப் பரிசோதனை செய்வதைச் சட்டம் அனுமதிப்பதே இல்லை.

இப்போது என் கேள்விக்கு வருவோம். டிஎன்ஏ வழியில் முதலில் யாருக்குத் தெரியும்? உங்களைப் பெற்றவருக்கு அல்ல. வம்சாவளி வரைந்து பார்க்க ஆசைப்பட்டுப் பரிசோதித்த யாரோ ஒரு மாமா மகளுக்கு. அவருடைய திரையில் புதிதாக ஒரு நெருங்கிய உறவு என்று நீங்கள் முளைப்பீர்கள், அவர் அன்று மாலையே அம்மாவிடம் கேட்பார், அந்த அம்மா தன் நாத்தனாரான உங்களைப் பெற்றவரிடம் கேட்பார். இதனால் டிஎன்ஏவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தந்தையைக் கண்டுபிடிக்கப் பல சமயம் வேறு வழியே இல்லை. ஆனால் பொருத்தம் காட்டும் அமைப்பை முதலில் அணைத்துவைக்க முடியும், பெயருக்குப் பதில் முதலெழுத்து போடலாம், எந்த நாளில் திறப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். நெருங்கிய பொருத்தம் வந்தால், "நான் உங்கள் தங்கை" என்று முதல் செய்தியிலேயே போட வேண்டாம். நமக்குள் பொருத்தம் காட்டுகிறது, உங்கள் தாய்வழிக் குடும்பம் எந்த ஊர் என்று சொல்ல முடியுமா என்று கேட்டாலே பாதி வேலை முடியும். இது பாதி உண்மைதானே, நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. பொய் சொல்லாதவரை நியாயம்தான் என்பது என் கணக்கு.

தரவுப் பாதுகாப்பையும் ஒரு கண் பாருங்கள். இதே பரிசோதனை செய்யும் ட்வென்டித்ரீ அண்ட் மீ நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களைத் தொட்டது. 2025 மார்ச்சில் அதே நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. தேடல் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்லும் வசதி இருக்கிறதா என்று சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபேஸ்புக். "இந்தத் தேதியில் இந்த மருத்துவமனையில் பிறந்தேன், என் அம்மாவைக் கண்டுபிடிக்க உதவுங்கள்" என்று அட்டை பிடித்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வேகத்தில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. என் கேள்விக்கு இதைவிட மோசமான பதிலும் கிடையாது: அந்தப் பெண்ணைத் தவிர எல்லாருக்கும் முதலில் தெரியும்.

ஆனால் ஒரு பெரிய விதிவிலக்கு. சரூ பிரயர்லி ஐந்து வயதில் ரயிலில் மாட்டிக் கொல்கத்தா போய், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தத்து போனவர். பிறகு செயற்கைக்கோள் படங்களில் ரயில் பாதைகளைப் பின்தொடர்ந்து காண்ட்வாவைக் கண்டுபிடித்து, 2012இல் அம்மாவைப் பார்த்தார். அவர் கொடுக்கப்பட்ட பிள்ளை அல்ல, தொலைந்த பிள்ளை. அங்கே அம்மாவும் தேடிக்கொண்டிருந்தார், காப்பாற்ற வேண்டிய ரகசியம் ஒன்றும் இல்லை. தொலைந்தவர்கள், கடத்தப்பட்டவர்கள், கொரியாவில் நடந்ததுபோல் ஆவணம் திரிக்கப்பட்டு அனுப்பப்பட்டவர்கள், இவர்களுக்குப் பொதுவெளியில் உரக்கக் கேட்பதுதான் சரியான வழியாகக்கூட இருக்கலாம். இரட்டையர்களைப் பிரித்துக் கொடுத்த வழக்குகளிலும் அப்படித்தான், கொரியாவில் பிறந்து அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் வளர்ந்த இரட்டைச் சகோதரிகள் 2013இல் இணையம் வழியாகத்தான் ஒருவரையொருவர் கண்டார்கள். உங்கள் கோப்பில் எது எழுதியிருக்கிறது, அதை நம்ப முடியுமா என்று பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வர முடியும். அதனாலும்தான் ஆவணத்தை முதலில் வைக்கிறேன்.

தனியார் துப்பறிவாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழுத் தொகையையும் முன்கூட்டிக் கேட்பவரிடமும், ஆவணத்தைப் பார்ப்பதற்கு முன்பே "நிச்சயம் கண்டுபிடித்துவிடலாம்" என்பவரிடமும் போக வேண்டாம். இந்திய ஒழுங்குமுறைகள் மூன்றாம் நபர் வழியாகத் தேடுவதை அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டிஎன்ஏ பட்டியலைப் படித்து வம்சாவளி வரைந்து கொடுக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பல சமயம் துப்பறிவாளரைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள், காசும் வாங்குவதில்லை.

முகவரி கிடைத்துவிட்டது என்று வைப்போம். இனி ஒப்பிட வேண்டியது எப்படித் தொடர்புகொள்வது என்பதை, இங்கேதான் அதிகம் கெடுகிறது. தத்து நிறுவனத்தின் சமூகப் பணியாளர் போன்ற பயிற்சி பெற்ற இடையாள் ஒருவர் தனியாக அவரைக் கூப்பிட்டுப் பேசுவது, நீங்களே கடிதம் எழுதுவது, தொலைபேசி, நேரில் போவது. என் தேர்வு தயங்காமல் இடையாள்தான், ஏனென்றால் செய்தி முதலில் அவருக்கு மட்டும் போகும், அழவோ கோபப்படவோ அவருக்கு இடம் கிடைக்கும், உங்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்காது. குறை, மெதுவாக நடக்கும். நீங்கள் எழுதியதை வேறொருவர் குரலில் அவர் கேட்பார் என்பது சிலருக்குப் பிடிப்பதில்லை, அது நியாயமான ஆதங்கம்.

இடையாள் கிடைக்காத இடத்தில் கடிதம். வெளியுறையில் எதையும் காட்டிக்கொடுக்காத, ஒரே பக்கத்தில் முடிகிற கடிதம். யார் நீங்கள், நன்றாக இருக்கிறீர்கள், எப்படித் தொடர்புகொள்ளலாம், அவசரமில்லை. ஏன் கொடுத்தீர்கள் என்ற கேள்வி அதில் வேண்டாம், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் முதல் கடிதத்தில் அது குற்றச்சாட்டாகத்தான் படிக்கப்படும். தொலைபேசியில் அவர் அந்த நிமிடமே ஏதாவது சொல்லியாக வேண்டும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் உங்களுக்குத் தெரியாது. நேரில் போய்க் கதவைத் தட்டுவது கடைசியிலும் கடைசி.

உடன்பிறந்தவர்களிடம் முதலில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள், காரணமும் புரிகிறது. அவர்களுக்குக் குற்ற உணர்வு கிடையாது, ஆர்வம்தான் இருக்கும், பல நேரங்களில் அவர்களே அன்பாக வரவேற்பார்கள். ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்போது அவரைத் தாண்டிப் போனால், அம்மாவை விசாரிக்கும் வேலையை அந்தப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறீர்கள். அம்மா இறந்துவிட்டார் என்றாலோ, அவரிடம் கேட்டு அவர் மறுத்துவிட்டார் என்றாலோ கதை வேறு. வயது வந்த அண்ணன் தங்கைகளுக்குத் தங்கள் சார்பில் முடிவெடுக்க உரிமை உண்டு. அம்மாவின் மறுப்பு அம்மாவுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், அந்தக் குடும்பத்துக்குள் வெடிக்கக்கூடியது என்ன என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வளர்த்த அம்மா அப்பாவிடம் எப்போது சொல்வது? அதே கேள்வியை அவர்கள் பக்கமும் வைத்துப் பாருங்கள். கோப்பைக் கேட்டு விண்ணப்பிக்கும்போதே சொல்ல வேண்டும் என்பதில்லை, ஆனால் முதல் கடிதம் போவதற்கு முன்பும் டிஎன்ஏ பொருத்தத்தைத் திறப்பதற்கு முன்பும் அவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. மூன்றாவது ஆள் சொல்லி அவர்கள் கேட்டால், நீங்கள் தேடியதைவிட மறைத்ததுதான் வலிக்கும். தவிர, கொடுத்த அன்று என்ன சொன்னார்கள், யார் கொண்டுவந்தார்கள் என்பது போன்ற, எந்தக் கோப்பிலும் இல்லாத விஷயங்கள் அவர்களிடம்தான் இருக்கும்.

பதில் சாதகமாக வந்தால், யாருக்கும் அறிவிப்பதற்கு முன்பு இருவருமாக ஒரு டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெயரும் தேதியும் ஊரும் பொருந்தியும் ஆள் மாறிய கதைகள் இருக்கின்றன, கொஞ்ச நாள் பழகிய பிறகு அது தெரியவருவது இரண்டு பக்கத்துக்கும் கொடுமை. முதல் சந்திப்பு சின்னதாக இருக்கட்டும், முழுக் குடும்பத்தோடு வேண்டாம். மொழி தெரியாத இடமென்றால் மொழிபெயர்க்கச் சொந்தக்காரர்களைப் பயன்படுத்தாதீர்கள், அவர்கள் தங்களுக்குப் பிடிக்காததை விட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஒரு கட்டத்தில் ஒரு பக்கம் திடீரென்று அமைதியாகிவிடுவது மிகவும் சகஜம். அதை உடனே கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பண உதவி கேட்கப்பட்டால் என்ன சொல்வது என்பதையும் போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இந்த வரிசையெல்லாம் நேரம் இருப்பவர்களுக்கு. பெற்ற தாய்க்கு இப்போது 75, 80 வயது இருக்கும் என்று கணக்கு வந்தால் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்க முடியாது. அப்போது கோப்புக்கு விண்ணப்பிப்பது, பதிவேட்டில் பெயர் கொடுப்பது, டிஎன்ஏ மாதிரியை அனுப்புவது மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடுங்கள். பொருத்தப் பட்டியலையும் முதல் நாளே திறக்கலாம், யாரோ ஒரு மாமா மகளுக்கு முன்னாடியே தெரிந்துவிடும் ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு.